வெடித்தால் செய்தி, வெடிக்காவிட்டால் விழிப்புணர்வு

திருச்சி விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி என் கடப்பிதழைப் புரட்டிவிட்டு, எந்த ஊருக்குப் போகிறேன் என்று கேட்டார். சிவகாசிக்கு என்றேன். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது.

"பட்டாசா?"

"இல்லை. காலண்டர் அச்சடிக்க."

"ஏன், மலேசியாவுல அடிக்க மாட்டாங்களா?"

"பயப்படுறாங்க."

"காலண்டருக்கா?" என்றவர் என் முகத்தையும் கடப்பிதழில் இருந்த படத்தையும் இன்னொரு முறை ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு வேறு வழி தெரியாமல் முத்திரை குத்தினார்.

அவர் சந்தேகப்பட்டதில் தவறில்லை. எங்கள் நாட்டில் வானொலி நடத்த உரிமம் வேண்டும். அது யாருக்குக் கிடைக்கும் என்பது அமைச்சரின் மனத்தைப் பொறுத்தது. அச்சகம் நடத்தவும் உரிமம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நான் இருபது ஆண்டுகள் ஒரு வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவள். எந்த வானொலி என்று எழுதப் போவதில்லை. என் தோழிகள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள். ஒரு மழைக்காலத்தில் ஆறு உடைத்துக்கொண்டு ஒரு தோட்டத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அங்கிருந்து ஆட்கள் நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். வாசிக்க அனுமதி பெற்ற செய்திக் குறிப்பு மேலிடத்திலிருந்து வரவில்லை. என் கையில் தரப்பட்டது சேமியா பாயசம் செய்முறை. மறுமாதம் வேலையை விட்டேன்.

அதன் பிறகு, சின்ன ஊர்களுக்குச் சின்ன வானொலி வேண்டும் என்று கேட்கும் ஒரு குழுவில் சேர்ந்தேன். மொத்தம் ஐந்து பேர். துண்டறிக்கை கொடுத்தால் மக்கள் அதில் கச்சான் கடலை மடிக்கிறார்கள். காலண்டர் என்றால் ஆணி அடித்து ஓராண்டு மாட்டி வைப்பார்கள் என்று முடிவு செய்தோம். மாதத்துக்கு ஒரு வாசகம், பன்னிரண்டு பக்கம். கிள்ளானில் நாங்கள் அணுகிய அச்சகக்காரர் ஒருவர் இயந்திரம் பழுது என்றார். அவருக்குப் பின்னால் அது ஓடிக்கொண்டிருந்தது. இப்படித்தான் நான் சிவகாசிக்குப் புறப்பட்டேன்.

விருதுநகர் வரை வந்த பேருந்து ஊருக்கு வெளியே நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கிப் போய், அடியில் குனிந்து பார்த்து, எதையோ திட்டிவிட்டு, "பசிச்சவுக போய்ச் சாப்பிட்டு வாங்க" என்றார். எங்கள் ஊரில் பேருந்து பழுதானால் மாற்றுப் பேருந்து வரும். இங்கே பரோட்டா வந்தது. எண்ணெயில் முக்கிப் பொரித்து, முறுகலாக, சால்னாவில் நனைத்துச் சாப்பிடுவது. நாங்கள் பசியாறும் ரொட்டி சானாய்க்கு இது முரட்டு அண்ணன். நான்கு சாப்பிட்டேன். பேருந்து சரியானதும் ஓட்டுநர் அதைக் கடை வாசலில் நிறுத்தி ஒலிப்பானை அடித்தார். யாரும் உடனே எழுந்திருக்கவில்லை.

சிவகாசி விடுதியில் வடநாட்டு வியாபாரிகள் நிறைந்திருந்தார்கள். பக்கத்து அறைக்காரர்கள் வராந்தாவில் நின்று இந்தியில் பேசிக்கொண்டது எனக்குப் பாதி புரிந்தது. பழைய இந்திப் படங்கள் தந்த கல்வி. ஒருவர் சொன்னார்: "சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும். ஆனால் சட்டம் அனுமதித்த அளவுக்குள் கேட்க வேண்டும். அப்படி ஒரு வெடி கேட்டால் கடைக்காரன் சிரிக்கிறான்." எங்கள் குழுவின் கோரிக்கையும் ஏறக்குறைய அதுதான் என்று தோன்றியது.

மறுநாள் அச்சகத்துக்குப் போனேன். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள். நானும் அப்படியே அழைத்தேன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, மேசையில் மூன்று கைபேசிகள். சுவரில் முருகன், லட்சுமி, குழந்தை ஏசு, மக்கா, ஒன்றுக்கொன்று பேசாத இரண்டு கட்சிகளின் தலைவர்கள் எல்லோரும் அருகருகே மாதிரிக் காலண்டர்களாகத் தொங்கினார்கள். இவ்வளவையும் அச்சடிக்கிறவர் என் பன்னிரண்டு வாசகங்களை மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு. சுதந்திரம்ங்கிற சொல்லு பன்னெண்டு மாசமும் வருதே. ஆகஸ்டுல மட்டும் வச்சிக்கிட்டா பொருத்தமா இருக்கும்."

"எங்களுக்கு எல்லா மாதமும் தேவைப்படுகிறது, அண்ணாச்சி."

"சாமி படம் எங்கன வருது?"

"சாமி படம் இல்லை. ஒலிவாங்கிதான் படம்."

அவர் ஒலிவாங்கியின் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இத எந்தப் பக்கம் பாத்துக் கும்பிடுவாக?" என்று கேட்டார். கேலி இல்லை, ஒரு தொழில்காரரின் உண்மையான கவலை. கடைசியில் அடிக்க ஒப்புக்கொண்டார். தமிழ்நாட்டில் அப்போது மின்வெட்டுக் காலம். ஒரு நாள் வேலைக்கு அவர் சொன்ன கெடு ஒரு வாரம்.

மறுநாள் மாதிரித் தாள் பார்க்க மீண்டும் போனபோதுதான் மாரீஸ்வரியைச் சந்தித்தேன். காலண்டரின் தலையில் தகரம் அடிக்கும் பகுதியில் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். மின்சாரம் போனதும் எல்லோரும் முந்தானையால் விசிறிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் என் மாதிரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"இத எழுதுனது நீங்களா?"

"ஆமாம்."

"நீங்க ரேடியோவுல இருந்தீகளா?"

"இருந்தேன்."

"அப்ப நீங்க ஞாயித்துக்கெளம எங்க ஊருக்கு வரணும்" என்றார். வருகிறீர்களா என்று கேட்கவில்லை. மின்சாரம் வந்தது, தகரம் அடிக்கப் போய்விட்டார்.

அவர் ஊர் விஸ்வநத்தம். ஞாயிறு காலையில், விளம்பர ஆட்டோ ஓட்டும் கருப்பசாமி வந்து என்னை ஏற்றிக்கொண்டார். ஆட்டோவின் தலையில் இரண்டு ஒலிபெருக்கிகள். வாரம் முழுவதும் ஜவுளிக்கடைத் தள்ளுபடியைத் தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போவது அவர் தொழில். அதனால் சாதாரணமாகப் பேசும்போதும், "அக்கா வாங்க, உள்ளார உக்காருங்க" என்பது பெருமகிழ்ச்சியோடு அறிவிக்கப்படுவதுபோல் இருந்தது.

மாரீஸ்வரியின் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. தங்கை பாண்டிச்செல்வி பரிமாறினாள். இருபத்துநான்கு வயது, பட்டாசுக் கம்பெனியில் வேலை. ஓடைக்கு அருகே இருப்பதால் அந்தக் கம்பெனியை ஊரில் ஓடைக்கரைக் கம்பெனி என்பார்கள். அக்காவும் முன்பு அங்கேதான் இருந்தார். பயந்து அச்சகத்துக்கு மாறிவிட்டார். தங்கை மாறவில்லை.

"அங்கன கூலி கூட. இவளுக்குத் தகரம் அடிக்கிறதுல என்ன பெருமையோ" என்றாள் பாண்டிச்செல்வி.

"கை இருக்குல்ல, அதுதான் பெருமை" என்றார் மாரீஸ்வரி. "சாப்பிட்டீகளாக்கா? இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

சாப்பிட்ட பிறகு சமுதாயக் கூடத்துக்குப் போனோம். மகளிர் குழுவைச் சேர்ந்த பதினைந்து இருபது பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்தார்கள். வாரம் முழுவதும் பாட்டு, பேட்டி, விடுகதை என்று பதிவு செய்து, ஞாயிறன்று கருப்பசாமியின் ஆட்டோவை ஊர் நடுவில் நிறுத்தி அரை மணி நேரம் ஒலிபரப்புவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ரேடியோ. அலைவரிசை கிடையாது, பேட்டரி உண்டு.

சமூக வானொலியைத் தொண்டு அமைப்புகளும் நடத்தலாம் என்று இந்தியாவில் விதி வந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அதைக் கேள்விப்பட்டு இவர்கள் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். அது பற்றிச் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்துக்கு மாரீஸ்வரி போயிருக்கிறார். தில்லியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், சமூக வானொலியில் செய்தி மட்டும் கூடாது என்று விளக்கியிருக்கிறார். மாரீஸ்வரி எழுந்து நின்று கேட்ட கேள்வியைத் தன் வாயாலேயே சொன்னார்.

"எங்க ஊர்ல கம்பெனி வெடிச்சா ரேடியோவுல சொல்லலாமான்னு கேட்டேன். அது செய்தி, சொல்லக் கூடாதுன்னாரு. வெடிக்காம இருக்க என்ன செய்யணும்னு சொல்லலாமான்னு கேட்டேன். அது விழிப்புணர்வு, தாராளமாச் சொல்லலாம்னாரு. சரிங்க சார், வெடிக்கிற அன்னைக்கு என்ன போடணும்னு கேட்டேன். பாட்டுப் போடுங்கம்மான்னாரு."

பெண்கள் சிரித்தார்கள். பல முறை கேட்டுச் சிரித்த கதை என்று தெரிந்தது. எங்கள் நாட்டுச் சட்டம்தான் மோசம் என்று எண்ணிக்கொண்டு வந்திருந்தேன். குறைந்தது அங்கே இவ்வளவு தெளிவாகச் சொல்ல ஆள் இல்லை.

செய்தி ஒலிபரப்ப மாட்டோம் என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால்தான் உரிமம். போடுவீர்களா என்று கேட்டேன்.

"அதுக்குத்தான்க்கா உங்களக் கூப்பிட்டது. போடுறதுக்கு முன்னாடி, உள்ளூர்ச் செய்தியாவது சொல்ல விடுங்கன்னு மனு குடுக்கப் போறோம். கூட வெளிநாட்டுக்காரக ஒருத்தர் வந்தா மதிப்பாக."

என்னைப் பார்த்தால் விருதுநகரில் மிளகாய் வாங்க வந்தவள் போலத்தான் இருக்கும். அதைச் சொன்னேன். "கைப்பைய முன்னால வச்சிக்கிட்டு நில்லுங்க, போதும்" என்றார்.

திங்கட்கிழமை விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள். பத்துப் பெண்கள், நான், என் கைப்பை. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் தன் ஆட்டைக் காணவில்லை என்று மனு வைத்திருந்தார். பெண்கள் சாத்தூர் காராச்சேவைப் பொட்டலத்திலிருந்து எடுத்து எனக்கும், அந்த ஆட்டுக்காரருக்கும், காவலுக்கு நின்ற போலீஸ்காரருக்கும் கொடுத்தார்கள். மூவரும் மறுக்கவில்லை.

மேசையில் இருந்த அலுவலர் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரேடியோவெல்லாம் மத்திய அரசும்மா. இங்க குடுத்துப் பிரயோசனமில்ல."

"சார், ரேடியோ வர்ற வரைக்கும் மைக் செட்டுல சொல்லலாமா?" என்று கேட்டார் மாரீஸ்வரி.

"மைக் செட்டு காவல்துறை."

"வாயால சொல்லலாமா?"

அலுவலர் அவரைக் கவனமாகப் பார்த்தார். அது எந்தத் துறை என்று யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு மனுவில் முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். ஆட்டுக்காரருக்கும் அதே முத்திரைதான். வெளியே வந்த பெண்கள் பெருத்த வெற்றி பெற்றவர்கள்போல் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டார்கள். எங்கள் கோரிக்கை மனுவை வாங்கிக்கொள்ளவே கோலாலம்பூரில் யாரும் வெளியே வந்ததில்லை என்பதால், எனக்கும் அது வெற்றியாகவே பட்டது.

செவ்வாய்க்கிழமை நான் அச்சகத்தில் இருந்தேன். ஜூலை மாதப் பக்கத்தில் நீலம் கூடிவிட்டது என்று அண்ணாச்சியோடு வாதாடிக்கொண்டிருந்தபோது தரை ஒரு முறை அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது. சன்னல் கண்ணாடிகள் கொஞ்ச நேரம் கிணுகிணுத்தன. யாரும் கத்தவில்லை. தகரம் அடிக்கும் பகுதியில் சுத்தியல் சத்தம் நின்றது. அண்ணாச்சி மாதிரித் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

வெளியே வந்து பார்த்தோம். கிழக்கே வெள்ளையும் கருப்புமாகப் புகை எழுந்தது. அந்தத் திசையில் பல கம்பெனிகள். தெருவில் இருந்த எல்லோரும் கைபேசியைக் காதில் வைத்திருந்தார்கள். யாருக்கும் இணைப்புக் கிடைக்கவில்லை. ஒருவர் மேட்டுக் கம்பெனி என்றார், இன்னொருவர் இல்லை, ஓடைக்கரை என்றார், மூன்றாமவர் இரண்டும் போச்சு என்றார். பெண்கள் கிழக்கே ஓடினார்கள். ஒரு பெண் அரசு மருத்துவமனை இருக்கும் மேற்கே ஓடி, பாதியில் நின்று, திரும்பிக் கிழக்கே ஓடி, மறுபடி நின்றுவிட்டார். அவர் எங்கே போவது என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை.

எதிர்த் தேநீர்க் கடையில் பண்பலை வானொலி பாடிக்கொண்டிருந்தது. தனியார் பண்பலைக்கும் செய்தி சொல்ல அனுமதி கிடையாது. எங்கோ ஒரு நகரத்தில் உட்கார்ந்திருந்த அறிவிப்பாளப் பெண், இந்த இனிய காலையில் உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது என்று நேயர்களைக் கேட்டார். கடைக்காரர் எட்டி அதை அணைத்தார்.

மாரீஸ்வரி என் கையைப் பிடித்து இழுத்தார். "கருப்பசாமி எங்கன இருக்கான்னு பாருங்க" என்றார். அவர் ஜவுளிக்கடை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் ஏறிக்கொண்டோம்.

"என்ன சொல்லணும்?" என்றார் கருப்பசாமி, ஒலிவாங்கியைக் கையில் எடுத்தபடி.

"ஒன்னும் சொல்லாத. மொதல்ல தெரிஞ்சிக்குவோம்" என்றார் மாரீஸ்வரி.

இந்த இடத்தில்தான் என்னால் ஏதோ செய்ய முடிந்தது. கண்ணால் பார்த்தவர் இரண்டு பேராவது ஒன்றையே சொல்ல வேண்டும், கேள்விப்பட்டவர் கணக்கில் வரமாட்டார் என்றேன். எதிரே வரும் கம்பெனி வேன்களைக் கைகாட்டி நிறுத்தினோம். மேட்டுக் கம்பெனி வேன் நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் முழுசாக இருந்தார்கள். அடுத்து வந்த வேன் ஓட்டுநரின் சட்டையெல்லாம் கரி. ஓடைக்கரை என்றார். மருந்து கலக்கும் அறை என்றார். பின்னால் வந்த தண்ணீர் லாரிக்காரரும் அதையே சொன்னார். அடிபட்டவர்களை எல்லாம் சிவகாசி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதையும் இருவரும் சொன்னார்கள். எத்தனை பேர் என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஓடைக்கரை என்ற சொல் வந்தபோது மாரீஸ்வரியின் முகத்தைப் பார்த்தேன். அவர் லாரிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கருப்பசாமி ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார். "நீங்க பேசுங்கக்கா. உங்களுதுதான் ரேடியோக் குரலு."

நான் கை நீட்டினேன். என் சுற்றுலா விசாவும் நினைவுக்கு வந்தது, அப்படியும் கை நீண்டது. மாரீஸ்வரி நடுவில் வாங்கிக்கொண்டார்.

"வேணாம்க்கா. உங்க தமிழு நோட்டீசு மாதிரி இருக்கு. வெளம்பரம்னு நெனச்சிருவாக."

பிறகு பேசினார். அவர் பேசியதை நான் மறக்கவில்லை.

"எல்லாரும் நின்னு கேளுங்க. விஸ்வநத்தம் மகளிர் குழு மாரீஸ்வரி பேசுறேன். வெடிச்சது ஓடைக்கரைக் கம்பெனி. ஓடைக்கரைக் கம்பெனி மட்டும். மருந்து கலக்குற ரூம்பு. மேட்டுக் கம்பெனிக்கு ஒன்னும் இல்ல, அந்த ஆளுக வேன்ல வந்துக்கிட்டு இருக்காக, வீட்டுக்குப் போங்க. ஓடைக்கரையில அடிபட்டவுகள கவர்மெண்டு ஆசுபத்திரிக்குக் கொண்டாந்துட்டு இருக்காக. கம்பெனிக்குப் போகாதீக, ஆசுபத்திரிக்குப் போங்க. ரோட்டுல வண்டிக்கு வழி விடுங்க. எத்தன பேருன்னு தெரியல. தெரிஞ்சதும் சொல்றோம்."

ஆட்டோ மெதுவாக நகர்ந்தது. அவர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார், ஒரு சொல் மாறாமல். தெருவில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். சிலர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அது நிம்மதியின் அழுகை. சிலர் திரும்பி மேற்கே ஓடினார்கள். நடுவீதியில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்ற அந்தப் பெண்ணும் ஓடினார். உண்மையைச் சொன்னால் எல்லோருக்கும் ஆறுதல் கிடைக்கும் என்று எங்கள் குழுவின் துண்டறிக்கை ஒன்றில் எழுதியிருந்தோம். அதை எழுதியவள் நான்தான். அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்தபோது அந்த வரியை அடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

மருத்துவமனைத் திருப்பம் வரை மாரீஸ்வரி சொல்லிக்கொண்டே வந்தார். திருப்பத்தில் ஒலிவாங்கியைக் கருப்பசாமியின் மடியில் வைத்துவிட்டு, ஆட்டோ நிற்பதற்கு முன்பே இறங்கி ஓடினார். செருப்பு ஆட்டோவிலேயே கிடந்தது.

மீதித் தெருக்களுக்குக் கருப்பசாமி சொன்னார். வேறு தொனி அவருக்குத் தெரியாது. ஓடைக்கரைக் கம்பெனியில் வெடித்திருக்கிறது என்பதை ஆடித் தள்ளுபடியின் குரலில்தான் சொன்னார். சொல்லும்போதே கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று பேர் வீடு திரும்பவில்லை. பாண்டிச்செல்வி அவர்களில் இல்லை. வெளியே காயப்போட்ட சரவெடியைப் புரட்டிக்கொண்டிருந்தவளுக்கு முதுகும் இடது கையும் வெந்திருந்தன. அன்று மாலையே மதுரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

புதன்கிழமை காலையில் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. கருப்பசாமியின் ஆட்டோவை மைக் செட்டோடு கொண்டுபோய்விட்டார்கள். மாரீஸ்வரி தங்கையோடு இருந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, மதுரையிலிருந்து முதல் பேருந்தில் வந்து சேர்ந்திருந்தார். நானும் கூடப் போனேன், கைப்பையை முன்னால் வைத்துக்கொண்டு.

ஆய்வாளர் இளைஞர். அவரும் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. முதலில் என்னிடம், "நீங்க யாரு?" என்றார். மலேசியாவிலிருந்து காலண்டர் அச்சடிக்க வந்தேன் என்றேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, அதைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவெடுத்ததுபோல் மாரீஸ்வரி பக்கம் திரும்பினார்.

"அனுமதி இல்லாம ஒலிபெருக்கி பயன்படுத்தியிருக்கீங்க. பொதுமக்கள் மத்தியில பீதியக் கெளப்புனதா புகார் வந்திருக்கு."

"பீதி பத்தரை மணிக்கே வந்துருச்சு சார். நாங்க பதினொன்னரைக்குத்தான் வந்தோம்."

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார், மூடினார். "எதுவா இருந்தாலும் முறைன்னு ஒன்னு இருக்கும்மா. மைக் செட்டுக்கு மூணு நாள் முன்னாடி எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும்."

"சரிங்க சார். அடுத்த தடவ வெடிக்கிறதுக்கு மூணு நாள் முன்னாடி வந்து எழுதிக் குடுக்குறோம்."

துளியும் கிண்டல் இல்லாமல் சொன்னார். விதியைப் பின்பற்ற ஒப்புக்கொள்ளும் குடிமகளின் குரல். அறையில் இருந்த ஏட்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆய்வாளர் ஏதோ சொல்ல வாய் திறந்தபோது வாசலில் சத்தம் கேட்டது.

நாற்பது ஐம்பது பெண்கள் நின்றார்கள். மேட்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் வேன்கள் இரண்டை வழியில் திருப்பிக்கொண்டு வந்திருந்தார்கள். முன்னால் நின்ற அம்மாள் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "அய்யா, அவ சொன்னதுக்கு கேசுன்னா, கேட்டதுக்கும் கேசு போடுங்க. நான் கேட்டேன். எம் பேரு எழுதிக்கோங்க" என்றார். பின்னாலிருந்து இன்னொருவர், "நானும் கேட்டேன். கேட்டுத்தான் எம் மகன ஆசுபத்திரியில போய்ப் பாத்தேன்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் பேரும் ஊரும் சொல்லத் தொடங்கினார்கள். அச்சங்குளம், விஸ்வநத்தம், இன்னும் எனக்குத் தெரியாத ஊர்கள். ஏட்டு உண்மையிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார். ஆய்வாளர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

வழக்கு ஒன்று பதிவானது. கருப்பசாமி அபராதம் கட்டினார், ஆட்டோ திரும்பக் கிடைத்தது. வெளியே வந்த மாரீஸ்வரி அந்தப் பெண்களிடம், இங்கே சொன்ன பேரை எல்லாம் தில்லிக்கு அனுப்பும் மனுவிலும் எழுதித் தர வேண்டும் என்றார். வேன்களுக்கு நேரமாகிவிட்டதால் ஓட்டுநரின் முதுகை மேசையாக்கி அங்கேயே எழுதினார்கள். ரேடியோ கொடுங்கள், அதில் எங்கள் ஊர்ச் செய்தியைச் சொல்ல விடுங்கள் என்பது மனு. உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவது பற்றி நான் மறுபடி கேட்டபோது, "போட மாட்டேன்க்கா. நேத்து வரைக்கும் போட்டிருப்பேன்" என்றார்.

அந்த மனுவுக்குப் பதில் வரவில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்ததற்கு மட்டும் வந்தது. உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று. துறையின் பெயர் அதில் இல்லை. விஸ்வநத்தம் பெண்கள் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டோவை நிறுத்தி ஒலிபரப்புகிறார்கள். இப்போது முதல் ஐந்து நிமிடம் செய்தி. எங்கள் காலண்டர் சரியான நேரத்தில் கப்பலேறி வந்தது. ஜூலையில் நீலம் கூடத்தான் இருந்தது.

ஊர் திரும்புவதற்கு முன் மதுரைக்குப் போய்ப் பாண்டிச்செல்வியைப் பார்த்தேன். குப்புறப் படுத்திருந்தாள். முதுகின்மேல் துணி படாமல் வலைக்கூண்டு வைத்திருந்தார்கள். அக்கா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, ஆரஞ்சுச் சுளையின் தோலை உரித்து ஒவ்வொன்றாக அவள் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆசுபத்திரி வாசல்ல எங்களப் போட்டிருந்தப்ப இவ குரலு கேட்டுச்சுக்கா" என்றாள் பாண்டிச்செல்வி என்னிடம், முகத்தைத் திருப்ப முடியாமல் தலையணையைப் பார்த்தபடி. "ஓடைக்கரைக் கம்பெனி, ஓடைக்கரைக் கம்பெனின்னு சொல்லிட்டு வாரா. நான் அங்கனதான் இருக்கேன்னு தெரியும் இவளுக்கு. குரலு கொஞ்சமாச்சும் நடுங்கணுமே. நடுங்கவே இல்ல."

மாரீஸ்வரி அடுத்த சுளையை உரித்தார்.

"நடுங்குனா வெளங்காதுல்ல" என்றார். "எந்தக் கம்பெனின்னு சனம் மறுபடி கேக்கும்."

பாண்டிச்செல்வி வாயைத் திறந்தாள். அக்கா சுளையை உள்ளே வைத்தார்.